சிந்துபாத் நம் மலைக்கு வந்தபோது

கதைப் புத்தகம் வாசித்ததைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள் சகோதரிகளே. அதுவும் ஜின்னும் பூதமும் மலையளவு பறவையும் வருகிற கதைகள். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், ஒரு மாதம் முழுக்க, இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இந்தக் கதைகள்தான்.

ஹட்டன் மழையைப் பற்றி மலையகத்து வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் பிள்ளைகளின் உடுப்பை உலர்த்த வேண்டும். வெளியே விளையாட வழியில்லை. மின்சாரம் வரும், போகும். அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில்தான் அட்டை கிழிந்த ஆயிரத்தொரு இரவுகள் புத்தகத்தை எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினேன். கேட்க என் பிள்ளைகள் இருவர். கீழே தோட்டத்து லயத்திலிருந்து என்னிடம் பாடம் கேட்க வரும் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி. அவளைத் தனியே அனுப்பப் பயந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கூடவே வரும் அவளுடைய அம்மாயி. அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

முதல் வாரமே வீட்டில் எதிர்ப்பு. என் மூத்த மாமா நல்ல மனிதர், ஐந்து வேளையும் பள்ளியில் இருப்பவர். "ஏம்மா, புலமைப்பரிசில் எழுதப் போற பிள்ளைக்கு இந்தப் பொய்க்கதை எல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று பகலில் அடித்துச் சொல்லிவிட்டு, இரவில் பொய்யாக வாசித்துக் காட்டுவது சரியா? நீங்களும் உங்கள் வீட்டில் இதைக் கேட்டிருப்பீர்கள்.

பதில் எதுவும் சொல்லாமல் நான் சிந்துபாத்தின் ஆறாவது பயணத்துக்கு வந்தேன். சிந்துபாத் என்றால் நம்மில் பலருக்குத் தினத்தந்தியில் 1960இல் தொடங்கி முடிவே இல்லாமல் ஓடிய கன்னித்தீவுதான் நினைவுக்கு வரும். மூலக்கதை அப்படியல்ல, சுருக்கமானது. ஆறாவது பயணத்தில் கப்பல் ஒரு மலையடியில் மோதி உடைகிறது. உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். எல்லோரையும் அடக்கிவிட்டுத் தனியே மிஞ்சும் சிந்துபாத், மலைக்குள் புகுந்து மறையும் ஓர் ஆற்றைப் பார்க்கிறான். மரங்களைக் கட்டித் தெப்பமாக்கி அந்த இருட்டுக்குள் இறங்குகிறான். களைப்பில் உறங்கி, கண் விழித்தால் ஒரு புது நாட்டின் பசும்புல்லில் கிடக்கிறான். அந்த நாடு எது தெரியுமா? சரந்தீப். நம் இலங்கை! நபி ஆதம் (அலை) அவர்கள் இறங்கியதாகச் சொல்லப்படும் மலையையும் போய்ப் பார்த்து வந்ததாகக் கதை சொல்கிறது.

இதை வாசித்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாவா ஆதம் மலை, மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்களுக்கு மழை விலகிய காலையில் கண்ணெதிரே நிற்கும் மலை. 2,243 மீற்றர். பாடப்புத்தகத்தில் படித்த உயரம். அது பக்தாத் வணிகன் ஒருவனுடைய கதைக்குள் எப்படிப் போயிற்று? மலைக்குள் ஓடிய ஆறு களனியா, மகாவலியா என்று ஒரு சண்டை. மகன் சொன்னான், அந்த இருட்டு ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயில் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வரும் இருட்டைப் போல இருந்திருக்கும் என்று. கதையில் ஆற்றங்கரை முழுக்க இரத்தினக் கற்கள். அதில் என்ன அதிசயம், மலைக்கு அந்தப் பக்கம் இரத்தினபுரியில் இன்றைக்கும் ஆற்று மண்ணை அரித்து மாணிக்கம் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

நாம் அதிசய நாடு என்றால் வேறெங்கோ என்று நினைக்கிறோம். அரபுக் கடலோடிகளுக்கு அதிசய நாடு நம்முடையது. அடுப்புப் புகையிலே துணி காயப்போடும் இந்த இடம்!

மறுநாள் கதையை நிறுத்தி, உண்மையாகவே வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்து அந்த மலையில் ஏறினார். ஒன்பது நாள் கடற்பயணத் தொலைவிலிருந்தே மலை ஒரு புகைத்தூண் போலத் தெரிந்தது என்று எழுதிவைத்தார். மனிதனைக் கண்டதும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒரு பிராணியைப் பற்றியும் எழுதினார். வழிப்போக்கர்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து, அதன் சாற்றை மேலே பிழிந்தால் அது கீழே விழுந்துவிடுமாம்.

"அட்டை!" என்று அம்மாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கால்கள் அவருடையவை. ஒரு சுல்தானின் அவையில் காழியாக இருந்த பெரிய மனிதரையும் அட்டை விடவில்லை என்பதில் அவருக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்.

சிந்துபாத் கதைகள் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய ஏட்டில் இருந்தவை அல்ல. கலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1704இல் தம் மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கியபோது சேர்த்துக்கொண்டவை. அலாவுதீனும் அலிபாபாவும் 1709இல் பாரிசில் ஹன்னா தியாப் என்ற ஹலப் நகரத்து இளைஞர் வாய்மொழியாகச் சொன்னவை. ஊர் ஊராக, வாயிலிருந்து வாய்க்கு வந்த சொத்து. அத்தனையையும் கட்டி வைத்திருப்பவளோ ஷஹர்ஸாத் என்ற ஒரு பெண். கதை சொல்லியே தன் உயிரையும் மற்றப் பெண்களின் உயிரையும் காத்தவள் அவள்.

அமீர் ஹம்ஸா கதையையும் தொட்டோம். அதிலும் சரந்தீப் வருகிறது. அந்நாட்டு மன்னன் லந்தூரை எதிர்க்க ஹம்ஸா கடல் கடந்து வருகிறார். அக்பர் பாதுஷா இந்தக் கதைக்கு 1,400 ஓவியங்கள் தீட்டச் செய்தார் என்றால் அதன் மவுசை எண்ணிப் பாருங்கள். ஆனால் இதில் மட்டும் மாமாவின் பயம் நியாயமானது. வரலாற்றில் வாழ்ந்த ஹம்ஸா (ரலி) அவர்கள் வேறு, தேவுகளோடு மல்லுக்கு நிற்கும் இந்தக் கதை நாயகன் வேறு. அதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் அசன்பேயின் கதை. 1838இல் கண்டியில் பிறந்து, வழக்கறிஞராகி, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்டது. தமிழ் நாவல்களின் வரிசையில் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு அடுத்து வைத்துப் பேசப்படுவது. இதில் ஜின் இல்லை. ஆனால் மிஸ்ரில் பிறந்து, குழந்தையிலேயே களவாடப்பட்டு, அந்நிய தேசத்தில் வளர்ந்து, தன் குலத்தைத் தேடிப் போகும் பையனின் கதை, பூதக் கதைக்குக் குறையாத திருப்பங்களோடு ஓடுகிறது. மொழி பழையது, பிள்ளைகளுக்காக நான் அங்கங்கே எளிமையாக்கித்தான் சொன்னேன். எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. கண்டியில் இருந்துகொண்டு மிஸ்ரையும் இந்தியாவையும் எழுதியவர், அப்போது கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த பக்கத்து மலைகளுக்குக் கதாநாயகனை ஒரு நாளாவது அனுப்பியிருக்கலாம்.

அடுத்து, சரந்தீபின் மூன்று இளவரசர்கள். பாரசீகத்துப் பழங்கதை. 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. நான் ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் தமிழில் சொன்னேன். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் வருகிறான். இளவரசர்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது ஒற்றைக் கண், ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி, ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் சுமந்தது என்று சொல்கிறார்கள். பாதையின் ஒரு புறத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. மென்று துப்பிய புல் பல்லளவு உருண்டையாகக் கிடந்தது. ஒரு காலை இழுத்த தடம் இருந்தது. ஒரு பக்கம் எறும்பு, மறுபக்கம் ஈ. நம் தமிழில் அலகேச கதையிலும் இதே ஒட்டகம் வருகிறது. இந்த இளவரசர்களை நினைத்துத்தான் 1754இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 'செரண்டிபிட்டி' என்ற சொல்லையே உண்டாக்கினார். தேடாததை எதிர்பாராமல் கண்டடைவதற்கு நம் தீவின் பெயர்!

இதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் நிம்மதியில்லை. ஈரத் தரையில் யார் நடந்தது, சீனிப் போத்தலை யார் திறந்தது என்று எல்லாவற்றுக்கும் துப்புப் பார்த்தார்கள்.

அன்று மாமாவும் வந்திருந்தார். விறாந்தையில் உட்கார்ந்து கேட்கவில்லை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் பழைய பேச்சையே எடுத்தார். "பிறகென்ன, எல்லாம் இட்டுக்கட்டினதுதானே."

அம்மாயி பெரியவர்கள் முன் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "ஐயா, இந்த டீச்சரம்மா இது கதைன்னு சொல்லிட்டுத்தான் சொல்றாங்க. எங்க தாத்தாவுக்குக் கங்காணி கதைன்னு சொல்லாமச் சொன்னான்."

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் கட்டிய கதையைத்தான் அவர் சொன்னார். மலையகத்தில் அதைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை நம்பி வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்து வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் கடைக்கு எதிரே ஒட்டியிருக்கும் வெளிநாட்டு வேலை விளம்பரங்களை அவரும் தினமும் பார்க்கிறவர்தான். தேங்காய் மாசிக் கதையை இன்றைக்கும் வேறு பெயரில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

'முன்னொரு காலத்திலே' என்று தொடங்குகிற கதை யாரையும் ஏமாற்றுவதில்லை. அதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, கதை எங்கே முடிகிறது, உண்மை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் வருகிறது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. அந்த லயத்துப் பிள்ளையிடமிருந்து சொல்கிறேன். சிந்துபாத்தின் ஒவ்வொரு பயணமும் முடியும்போது மற்றவர்கள் முத்தையும் பவளத்தையும் பற்றிக் கேட்பார்கள். அவள் மட்டும் கேட்ட கேள்வி வேறு: "டீச்சர், இவர் போனா இவர் வீட்ல யாரு இருப்பாங்க?"

கதையில் அதற்குச் சரியான பதில் இல்லை. ஆறு முறை அவன் திரும்பி வருகிறான், ஆறு முறையும் மறுபடி ஆசை வந்து கிளம்புகிறான். வீட்டில் இருந்தவர்களைப் பற்றிக் கதைக்கு அக்கறையில்லை. ஏழாவதில் மட்டும் ஒரு வரி போலக் கடந்து போகிறது. அவன் வீடு திரும்பியபோது, வீட்டார் எண்ணிப் பார்த்து இருபத்தேழு வருடம் என்றார்களாம். இனி வரமாட்டான் என்று நம்பிக்கை விட்டிருந்தார்களாம். இனி எங்கும் போவதில்லை என்று அவன் தவ்பாச் செய்கிறான்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். தாய் போய் இரண்டு வருடம் நான்கு மாதம். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மழை ஓடுகளில் கொட்டிக்கொண்டிருந்தது, குரலை உயர்த்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய பின்னும் வெள்ளிக்கிழமை இரவுகளில் வருகிறாள். இப்போது அவளே வாசிக்கிறாள், அம்மாயி கேட்கிறார். போன வாரம் அம்மாயியின் கைப்பேசியில் குவைத்துக்கு அழைப்பு எடுத்து, தாய்க்கு ஆறாவது பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மலையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் போலிருக்கிறது. "ஆமாம்மா, நம்ம மலைதான். நம்ம மலையேதான்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.