கொக்கி போடலாம் வாங்க!

ஒரு நிமிஷம்! குரோஷான்னு சொன்னதும் 'அது ஆன்ட்டிங்க மேட்டராச்சே'ன்னு பக்கத்தைப் புரட்டப் போறீங்கதானே? புரட்டாதீங்க. ஒரு காலத்துல டிவி மேல விரிச்சிருந்த வெள்ளை லேஸ் உறை, வாசல்ல தொங்கின உல்லன் தோரணம் எல்லாம் எந்த ஊசியில வந்துச்சோ, அதே ஊசியிலதான் இன்னிக்கு உங்க கிளாஸ்மேட் தோள்ல தொங்குற பையும், பைக் சாவியில ஆடுற குட்டி ஆமையும் வருது. பசங்க போடலாமான்னு கேக்குறீங்களா? நானே பையன்தான். ஆவடி டு சென்ட்ரல் லோக்கல் ட்ரெயின்ல பின்னிக்கிட்டே போறவன். முதல் வாரம் கம்பார்ட்மென்ட்டே ஒரு மாதிரி லுக் விட்டுச்சு. ரெண்டாவது வாரம் எதிர் சீட் அக்கா, "தம்பி, அது எத்தனாம் நம்பர் ஊசி?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், மேட்டர் ஓவர்.

என்ன வேணும்? ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன் காசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். 4 மில்லிமீட்டர் அலுமினிய குரோஷா ஊசி ஒண்ணு. அதோட முனையில சின்னதா ஒரு கொக்கி இருக்கும். நூல் ஒரு கண்டு. கறுப்பு வாங்காதீங்க, கண்ணி எங்க இருக்குன்னே தெரியாது. புசுபுசுன்னு முடி வெச்ச நூலும் வேணாம், பிரிக்கும்போது உயிரை வாங்கும். வெளிர் நிறத்துல, கொஞ்சம் தடிமனா, காட்டன் நூலாப் பாருங்க. நம்ம ஊரு வெயில்ல உல்லனைக் கையில பிடிச்சா வியர்வையிலேயே ஒட்டிக்கும்.

முதல்ல போட வேண்டியது ஆமையும் இல்ல, டாப்ஸும் இல்ல. டீ டம்ளர் வைக்கிற நாலு இஞ்ச் சதுரம். மொக்கைன்னு நினைக்காதீங்க, மொத்த வித்தையும் அதுக்குள்ளதான் இருக்கு.

நூல் நுனியில ஒரு சுருக்கு போட்டு ஊசியில மாட்டுங்க. நூலைக் கொக்கியில சுத்தி, சுருக்குக்குள்ள இழுங்க. ஒரு சங்கிலி ஆச்சு. இப்படி 17 சங்கிலி. ஊசிப் பக்கத்துல இருந்து ரெண்டாவது சங்கிலிக்குள்ள கொக்கியை விட்டு நூலை இழுத்தா, ஊசியில ரெண்டு வளையம் நிக்கும். திரும்ப நூலைச் சுத்தி ரெண்டுக்குள்ளயும் சேர்த்து இழுங்க. இதான் சிங்கிள் குரோஷா. வரிசை முடியும்போது 16 கண்ணி இருக்கணும். ஒரு சங்கிலி ஏத்தி, துணியைத் திருப்பி, திரும்ப 16. இப்படி 18 வரிசை போட்டா கிட்டத்தட்ட சதுரம்.

ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்த்துக் கத்துக்கிறவங்க, அது அமெரிக்காக்காரங்க வீடியோவா, இங்கிலாந்துக்காரங்க வீடியோவான்னு பார்த்துக்கோங்க. அவங்க 'சிங்கிள்'னு சொல்றதை இவங்க 'டபுள்'ங்கிறாங்க. ஒரே கண்ணிதான், பேருதான் வேற.

சதுரம் ஆரம்பிச்சு பத்தாவது வரிசையில பார்த்தா கையில சமோசா இருக்கும். எல்லாருக்கும் இருக்கும்! வரிசையோட கடைசிக் கண்ணி ஓரத்துல ஒளிஞ்சுக்கும், அதை விட்டுடுவோம், ஒவ்வொரு வரிசையா குறையும். வைத்தியம் ரொம்ப சிம்பிள். வரிசையோட முதல் கண்ணியில ஒரு ஊக்கு மாட்டிடுங்க. திரும்பி வரும்போது ஊக்கு இருக்குற கண்ணியிலதான் முடிக்கணும். அப்படியும் தப்பினா? இழுங்க, சரசரன்னு பிரிஞ்சிடும். குரோஷாவுல எப்பவும் ஒரே ஒரு வளையம்தான் உயிரோட இருக்கும். அதனால பிரிக்கிறதும் சுலபம், நூலும் முழுசா கைக்குத் திரும்பி வரும். அரியர் வெச்சவங்களுக்கு இந்த வசதி தெய்வம் மாதிரி!

கண்ணி குறைஞ்சா சமோசா, கூடினா? ஓரம் பாவாடை ஃப்ரில் மாதிரி சுருங்கிச் சுருங்கி அலையடிக்கும். மேத்ஸ் படிக்கிறவங்க இதைக் கவனிங்க. 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியாவில் பிறந்த கணிதப் பேராசிரியை டைனா டைமினா இந்த ஃப்ரில்லை வேணும்னேதான் போட்டாங்க. குறிப்பிட்ட விகிதத்துல கண்ணிகளைக் கூட்டிக்கிட்டே போனா, ஹைப்பர்பாலிக் ஜியோமெட்ரியோட தளம் கையில பிடிக்கிற பொருளா வந்துடுது. அதுவரைக்கும் பேப்பர் ஒட்டிச் செய்த மாடல்கள் கிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். ஒரு ஊசி, ஒரு நூல், கிளாஸ் முடிஞ்சது.

இப்ப என் கணக்குக்கு வர்றேன். ஒரு கண்ணிக்கு எனக்கு ஆறு செகண்ட். 288 கண்ணிக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஆவடியில ஏறி உட்கார்ந்து ஆரம்பிச்சா, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம்னு ஸ்டேஷனுக்கு ரெண்டு வரிசை வீதம் ஓடி, பெரம்பூர் வரும்போது ஒரு சதுரம் ரெடி. (சீட் கிடைச்சாத்தான். நின்னுக்கிட்டுப் பின்றதெல்லாம் பக்கத்துல இருக்குறவர் கண்ணுக்கு ஆபத்து.)

இந்த வேகத்துல ஒரு சதுர மீட்டர் முடிக்க எனக்கு 46 மணி நேரத்துக்கு மேல ஆகும். 2016 ஜனவரி 31-ம் தேதி நம்ம சென்னையில, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கின 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, சின்னச் சின்ன போர்வைகளைச் சேர்த்து விரிச்ச போர்வையோட அளவு 11,148.5 சதுர மீட்டர். அன்னிக்கு அது கின்னஸ் சாதனை. ஒன்றரை ஃபுட்பால் கிரவுண்டு சைஸ்! நான் ஒருத்தனே உட்கார்ந்தா சாப்பிடாம, தூங்காம கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆகியிருக்கும். அவ்வளவு பெரிய போர்வையில ஒரு கண்ணிகூட மெஷின் போட்டது இல்ல.

ஏன்னா, போட முடியாது. ஸ்வெட்டர் பின்ற நிட்டிங் வேலைக்கு இங்கிலாந்துல வில்லியம் லீ 1589-லேயே மெஷின் கண்டுபிடிச்சுட்டார். குரோஷாவுக்கு, கையை ஜெயிச்சு கடைக்குச் சரக்கு அனுப்புற மெஷின் இன்னும் வரல. 'குரோஷே மெஷின்'னு விக்கிறது பின்றது வேற மாதிரிப் பின்னல். அதனால மால்ல நிஜமான குரோஷா டாப்ஸ் ஏதாவது அடிமாட்டு விலைக்குத் தொங்குச்சுன்னா, அதுல எத்தனை மணி நேரம் இருக்குன்னு இப்ப உங்களுக்கே கணக்குப் போடத் தெரியும். அந்த மணி நேரத்துக்கு யாருக்கோ சரியான கூலி போகல.

எங்க பெரியம்மா கதை அதுதான். பெரியப்பா ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில தைச்சவர். மாசச் சம்பளம், போனஸ், ரிட்டயர் ஆனதும் பென்ஷன். பெரியம்மா அதே வீட்டுல, சமையல் முடிஞ்ச மத்தியானங்கள்ல, ஒரு ஏஜென்ட்டுக்காக டேபிள் விரிப்புக்கு லேஸ் ஓரம் போட்டுக் கொடுத்தாங்க. பீஸ் கணக்கு. ஒரு பீஸுக்குக் கிடைச்ச காசுல ரெண்டு டீ குடிக்கலாம். 'வீட்டுல சும்மா இருக்குற நேரத்துல போடுறதுதானேம்மா'ங்கிறது அந்த ஏஜென்ட்டோட டயலாக். ஒருநாள் ஊசியை பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க.

இந்த டயலாக் பெரியம்மாவுக்கு மட்டும் சொன்னது இல்ல. ஆந்திராவின் நர்சாபூர் பக்கம் 19-ம் நூற்றாண்டுல மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ், பெரிய ஏற்றுமதித் தொழிலா வளர்ந்துச்சு. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்க போய் ஆராய்ச்சி பண்ணி 1982-ல ஒரு புத்தகமே எழுதினாங்க. நாள் முழுக்கப் பின்ற பெண்களை 'குடும்பத்தலைவி, ஓய்வு நேரத்துல செய்றாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே கூலியைக் கீழே வெச்சிருந்தாங்கங்கிறதுதான் அதோட சாரம். 2024-ல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. பேருக்குப் பாதுகாப்பு வந்தாச்சு. கைக்கும் வரணும்.

பீரோவைத் திறக்க வெச்சது நான்தான். "எதுக்குடா உனக்கு இந்த வேலை?"ன்னு ஆரம்பிச்சாங்க. நாலு நாள் பதிலே சொல்லாம என் கையை மட்டும் பார்த்தாங்க. அஞ்சாவது நாள், "நூலை இவ்ளோ இறுக்கிப் பிடிக்காத, அது எங்கயும் ஓடிடாது"ன்னு ஊசியை வாங்கிட்டாங்க. அவங்க வேகத்தைப் பார்த்தா எனக்கு மயக்கமே வந்துச்சு.

போன செமஸ்டர்ல கிளாஸ்ல ஒரு பொண்ணு தோள் பை கேட்டுச்சு. "நூல் காசு தந்துடுறேன்"னும் சொல்லுச்சு. நம்ம பசங்க எல்லாரும் சொல்றதுதான், தப்பா எடுத்துக்க ஒண்ணுமில்ல. நான் பெரியம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளைத் திருப்பி, 'ஆரம்பம் 2.10'னு எழுதினாங்க. பை முடிஞ்சப்போ தாள்ல மொத்தம் 14 மணி நேரம். தாளை அப்படியே அந்தப் பொண்ணுகிட்ட காட்டினேன். அது ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துச்சு. அப்புறம், "இந்த மாசம் பாதி, அடுத்த மாசம் பாதி தரலாமா?"ன்னு கேட்டுச்சு.

தரலாம்னுட்டேன். பெரியம்மா இப்ப ரெண்டாவது பையில இருக்காங்க. கைப்பிடி மட்டும் என் பொறுப்பு.