சிவகாசி எந்த டிபார்ட்மென்ட்?

நகரங்களைப் பத்திப் படிக்கிறவங்க கிட்ட சிவகாசின்னு ஒரு பேரைச் சொல்லிப் பாருங்க. பொருளாதாரக்காரர் சிறுதொழில்னு ஆரம்பிப்பார். வேதியியல்காரர் பேரியம் நைட்ரேட்ம்பார். வக்கீல் உச்சநீதிமன்றத் தீர்ப்பை எடுப்பார். சமூகவியல்காரருக்குக் குழந்தைத் தொழிலாளர். எல்லாரும் சொல்றது சரிதான். ஆனா அத்தனையையும் கூட்டினா சிவகாசி வருதான்னா, வராது.

ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா, 1961ல அமெரிக்க நகரங்களைப் பத்தி எழுதின புத்தகத்தோட கடைசி அத்தியாயத்துல இதைத்தான் பேசுறாங்க. வாரன் வீவர் எழுதின கட்டுரையிலிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்குறாங்க. ரெண்டு விஷயம் மட்டும் இருந்தா கணக்கு சுலபம். கோடிக்கணக்குல இருந்தா சராசரி எடுத்துடலாம். நடுவுல ஒரு வகை இருக்கு. பத்து, இருபது விஷயம், ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு அசையும். நகரம் அந்த வகைங்கிறாங்க.

நம்ம ஊர்க் கதையைப் பாருங்க. மழை கம்மி, வெயில் அதிகம், அதனால தீப்பெட்டி வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல எழுதி மார்க் வாங்கியிருப்போம். வெயில்தான் காரணம்னா ராமநாதபுரம் பூரா பட்டாசு வெடிச்சிருக்கணுமே :-) அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு 1923ல திரும்பி வந்தாங்க. பக்கத்துல விருதுநகர்ல மகமைன்னு ஒரு ஏற்பாடு, வியாபாரத்துல ஒரு சிறு பங்கைப் பொதுவுல போட்டுப் பள்ளிக்கூடம் நடத்துற பழக்கம் ஏற்கெனவே இருந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பணம் புரட்டுற ஊர்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அச்சாபீஸ் வந்துச்சு. மருந்து கையாளத் தெரிஞ்சதால பட்டாசு வந்துச்சு. பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேணும். அச்சு மெஷின் வருஷம் பூரா ஓடணுமே, அதுக்கு காலண்டர், நோட்டுப் புத்தகம், டைரி. அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு வெளியாகுறது இப்பவும் வழக்கம். தீபாவளிப் பணம் ஒரு பக்கம், காலண்டர் பணம் ஒரு பக்கம்னு ஊர் மூச்சு விடுது. யாரும் உக்காந்து போட்ட திட்டம் இல்லை இது.

இதே பின்னல்ல கெட்டதும் ஓடும். பெரிய மெஷின் கம்பெனிகளோட போட்டி போட முடியாதேன்னு, கையால செய்யுற சின்னத் தீப்பெட்டி ஆபீசுக்கு அரசாங்கம் கலால் வரியைக் குறைச்சுது. நல்ல எண்ணம்தான். ஆனா சின்னதா இருந்தா வரி மிச்சம்னதும் ஒரே ஆபீஸ் பல பேர்ல பல ஆபீஸ் ஆச்சு. கைவேலைக்கு மலிவான கை வேணும். கரிசக்காட்டுல மழை பொய்ச்சா கடன், கடனுக்கு அட்வான்ஸ், அட்வான்சுக்குப் பிள்ளைங்க. எழுபது எண்பதுகள்ல விடியுமுன்னே கிராமத்துக்கு பஸ் வந்து பிள்ளைங்களை ஏத்திட்டுப் போச்சு. டெல்லியில போட்ட வரி விகிதம் ஒரு எட்டு வயசுப் பிள்ளை எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்னு தீர்மானிச்சிருக்கு! 1996ல உச்சநீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வெச்சா முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு சொல்ல வேண்டியதாச்சு.

விபத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாப்பது பேர் வரைக்கும் போயிட்டாங்க. அதுல பலர் அங்கே வேலை பார்த்தவங்களே இல்லை. காப்பாத்தவும் பார்க்கவும் ஓடின அக்கம்பக்கத்து ஜனங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், இருபதுக்கும் மேல. ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல 'உராய்வினால் வெடி' ன்னு ஒரு வரி. உராய்வு உண்மைதான். ஆனா அந்த ரூமுக்குள்ள வேற என்னெல்லாம் இருந்துச்சு? லைசென்ஸ்காரர் ஒருத்தர், ரூம் ரூமா உள்குத்தகை எடுத்தவர் வேற ஒருத்தர். போட்ட காசைக் குத்தகை முடியறதுக்குள்ள எடுக்கணும்னு, நாலு பேர் உக்கார வேண்டிய ரூம்ல கூடுதல் ஆள். பீஸ் ரேட்டுங்கிறதால கை வேகமா ஓடும். கலந்த மருந்தை அன்னிக்கே தீர்க்கணும், மிச்சம் வெச்சா ஈரம் ஏறித் தானா சூடாகும். ஆர்டரை விட மனசு வராது. தீபாவளித் தேதி மட்டும் யாருக்காகவும் தள்ளிப் போகாது. இதுல எதை ஒண்ணைக் காரணம்னு எழுதுவீங்க? ஆய்வாளர் ரிப்போர்ட்டுல ரசாயனம் இருக்கும், போலீஸ் எஃப்ஐஆர்ல குத்தகைதாரர் பேர் இருக்கும். பீஸ் ரேட்டை யார் எழுதுறது?

2018 அக்டோபர் 23 தீர்ப்பும் அப்படித்தான். டெல்லிக் காத்துக்காக பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை. மூச்சு முட்டுற பிள்ளைங்க அங்கே இருக்கு, அதை மறுக்கிறவன் நான் இல்லை. ஆனா பேரியம் இல்லாம கம்பி மத்தாப்பு எப்படிங்கிற கேள்வி நாக்பூர் நீரி ஆய்வகத்துக்குப் போச்சு. சரம் பின்னி ஜீவனம் நடத்தின பொம்பளைங்க இனி என்ன பின்னுவாங்கங்கிற கேள்வி எந்த ஆய்வகத்துக்குப் போகும்? அந்த நவம்பர்ல ஆலைகளை மூடினாங்க, திறக்க மாசக்கணக்காச்சு. அந்த மாசங்கள்ல மளிகைக் கடை அண்ணாச்சியோட பத்து நோட்டை யாராவது வாங்கிப் பார்த்திருந்தா, நகரம்னா என்னன்னு ஒரு நல்ல முனைவர் பட்டமே எடுத்திருக்கலாம்.