தண்டோரா போட்டவன் சேதி

எங்க வீட்டில் பேச்சு தெலுங்கு. நான் படித்தது தமிழ். திருத்தணியில் இப்படி நிறைய பேர். வடக்கே ஆந்திராவில் எங்க சனத்துக்குப் பேர் மாதிகா. இந்தப் பக்கம் சக்கிலியர். சர்க்கார் தாளில் அருந்ததியர்.

1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் எங்க தெரு ஊருக்கு வெளியேதான் கிடந்தது.

பஸ் ஸ்டாண்டு கடையில் தமிழ்ப் பேப்பரும் தொங்கும், தெலுங்குப் பேப்பரும் தொங்கும். எழுத்து தெரியாத எங்க நைனாவுக்கு நான் படிச்சுக் காட்டுவேன். ஒரு ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள். லட்சக்கணக்கில் பக்தர்கள் வந்தார்கள், குவிந்த குப்பை உடனுக்குடன் அகற்றப்பட்டது என்று போட்டிருந்தது. நைனா கேட்டார்: “எவுருரா தீசிந்தி?” யார்டா எடுத்தது என்று அர்த்தம். நாலு நாள் துடைப்பம் பிடித்த கை அவருடையது. ‘அகற்றப்பட்டது’ என்கிற வார்த்தையில் அந்தக் கைக்கு இடமில்லை. தெலுங்குப் பேப்பரிலும் கதை இதுதான்.

வடக்கே தண்டோரா போடுவது எங்க சனத்துக்கு விதிச்ச வேலை. ஊர்ச் சேதியெல்லாம் எங்க தப்பில்தான் ஊருக்குள் போனது. எங்க சேதியைச் சொல்லத்தான் ஆளில்லை. 1994இல் மந்த கிருஷ்ண மாதிகா உள் ஒதுக்கீடு கேட்டு இயக்கம் தொடங்கினபோது, அந்தத் தண்டோராவையே அதுக்குப் பேராக்கினார்கள். அந்தச் சேதி எங்க தெருவுக்கு எந்தப் பேப்பரும் கொண்டுவரவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்த சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள்.

அடுத்தவன் பேப்பரில் இடம் கேட்டு நிற்காமல் சொந்தப் பேப்பர் போட்டவர்கள் நமக்கு முன்னோடிகள். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ போட்டார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அடுத்த வருஷமே அது ‘தமிழன்’ ஆனது. கன்னடச் சீமையில் கோலார் தங்கவயலில் சுரங்கம் இறங்கின நம்ம சனம் அதை வாங்கிப் படித்துத் தாங்கினது. வேறு பாஷைக்கு நடுவில் இருக்கிறவனுக்குத் தன் பேப்பர் எதுக்கு என்று அவர்களுக்குத் தெரியும். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினபோது, காசு தருகிறோம் என்றும் திலகரின் ‘கேசரி’ அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது.

இப்போ ஒரு கேள்வி, நம்ம பத்திரிகைகளுக்கு. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவனுக்கு இங்கே என்ன பங்கு என்று கேட்கிற குரல் இன்னும் ஓயவில்லை. வந்தேறி என்கிறார்கள். மலம் அள்ளக் கூப்பிட்டபோது எவனும் எங்க பாஷையைக் கேட்கவில்லை. கூலிக்குக் கேட்காத பாஷையைப் பங்குக்கு மட்டும் கேட்பது என்ன நியாயம்?

தலித் பத்திரிகை என்று பேர் வைத்தால் போதாது. எங்க பாட்டி பேசுகிற தெலுங்கைத் தமிழ் எழுத்தில் அப்படியே அச்சடியுங்கள், பக்கத்தில் அர்த்தம் போடுங்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்து மாலா, மாதிகா சனத்தின் சேதி கல்யாணப் பந்திக்குக் காத்திருக்காமல் இங்கே வரட்டும். நம்ம சேதி அந்தப் பக்கம் போகட்டும். எல்லை போட்டவர்கள் நம்மைக் கேட்டுப் போடவில்லை. நம்ம பக்கங்களில் அதைக் காவல் காக்கிற வேலை நமக்கு எதுக்கு?