அழுத்தம் விழுகிற இடம்

ஓகஸ்ட் 4, திங்கள் – பளை

சோளகம் இன்றைக்கும் அடங்கவில்லை. முகமாலைப் புழுதி முகக்கவசத்தின் உள்பக்கம் வரைக்கும் வந்து ஒட்டுகிறது. குளித்து, பிளேன்ரீ குடித்து, ஸ்பானிஷ் கொப்பியை எடுக்க இருட்டிவிட்டது.

“பளையில இருந்துகொண்டு உனக்கேன் ஸ்பானிஷ்?” என்று சைற்றில் கேட்கிறார்கள். மிதிவெடி எடுக்கிறவளுக்குக் கொலம்பியா அந்நியமில்லை. அங்கேயும் அரை நூற்றாண்டுச் சண்டை. 2016இல்தான் அரசுக்கும் ஃபார்க் இயக்கத்துக்கும் சமாதான உடன்படிக்கை. அதற்கு முதல் வருடமே அந்தியோக்கியா மாகாணத்து எல் ஒரெஹோன் கிராமத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து மிதிவெடி அகற்ற இறங்கியிருந்தன. இங்கத்தைய ஜொனி வெடியைப்போல அங்கேயும் இயக்கம் கையால் செய்து தாட்டவைதான் அதிகம். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையைக் கொலம்பியா 2000இல் ஏற்றது. இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பரில். அங்கே வேலை செய்யும் வாய்ப்பு வருமோ வராதோ, பாஷை கையில் இருக்கட்டும்.

கண்ணிவெடிக்கு ஸ்பானிஷில் சொல்வது ‘மீனா’. மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுடைய வகுப்பில் ஒரு மீனா இருக்கிறாள்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இன்று நிகழ்கால சப்ஜங்க்டிவ். நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம். விரும்புவதை, பயப்படுவதை, சந்தேகப்படுவதைச் சொல்ல இந்த வடிவம். செய்யும் முறை லேசு. ‘நான்’ வடிவத்தை எடுத்துக் கடைசி ‘ஓ’வைக் கழற்ற வேண்டும். -ஆர் வினை என்றால் ‘ஏ’. -ஏர், -ஈர் வினைகள் என்றால் ‘ஆ’.

முதல் வினையாகக் ‘கெப்ரார்’ எடுத்தேன். உடைப்பது என்று பொருள். கொலம்பியாக் கிராமத்துச் சனம் மிதிவெடியைக் ‘கியெப்ராபாதாஸ்’ என்பார்கள், அதாவது கால்முறிப்பான். அந்தச் சொல்லுக்குள் இருப்பது இதே வினைதான். கியெப்ரே, கியெப்ரேஸ், கியெப்ரே, கெப்ரேமோஸ், கியெப்ரென். ஸ்பெயினில் வழங்கும் ‘நீங்கள்’ வடிவத்தைக் கொலம்பியாவில் பேசுவதில்லை, விட்டுவிட்டேன்.

‘நாங்கள்’ வடிவத்தில் மட்டும் ‘கெ’ அப்படியே நிற்கிறது, மற்றதெல்லாம் ‘கியெ’. காரணம் குரலின் அழுத்தம். கியெப்ரேயில் அழுத்தம் அடிச்சொல்லின் மேல் விழுகிறது. கெப்ரேமோஸில் அது பின்னுக்கு, ‘ப்ரே’ மேல் போய்விடுகிறது. லத்தீனின் குற்றெழுத்து எகரமும் ஒகரமும் அழுத்தம் விழுந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தன. லத்தீனில் கதவுக்குப் ‘போர்தா’, ஸ்பானிஷில் ‘புவெர்தா’. அழுத்தம் விழாத இடத்தில் பழைய உயிரெழுத்து பிளக்காமல் கிடக்கிறது. எங்கள் தொழிலும் இதுதானே: பாரம் விழுந்தால் வெடிக்கும், விழாதவரைக்கும் இருபத்தைந்து வருடமானாலும் மண்ணுக்குள் கிடக்கும். இந்த விதியை எனக்கு யாரும் இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

-ஈர் வினைகள் அடங்க மறுக்கின்றன. ‘தொர்மீர்’ என்றால் நித்திரை கொள்வது. துவெர்மா, துவெர்மாஸ், துவெர்மான் எல்லாம் விதிப்படி. ‘நாங்கள்’ என்று வரும்போது ‘தொர்மாமோஸ்’ வரவேண்டும், வருவதோ ‘துர்மாமோஸ்’. ‘சென்தீர்’, உணர்வது, அதுவும் அப்படித்தான்: சியென்தா, ஆனால் சின்தாமோஸ். அழுத்தமே விழாத இடத்திலும் மாற்றம்.

காரணத்தைத் தேடிப் பிடித்தேன். லத்தீனில் அது ‘தொர்மியாமுஸ்’. நடுவில் இருந்த அந்த ‘இ’ முன்னிருந்த ஒகரத்தை உகரமாக உயர்த்திவிட்டு, பிறகு தானே மறைந்துபோனது. -ஆர், -ஏர் வினைகளில் இந்த வேலை நடக்கவில்லை. அதனால் பென்சேமோஸ் (நினைப்பது), பொல்பாமோஸ் (திரும்பி வருவது) இரண்டிலும் அடிச்சொல் சுத்தமாக நிற்கிறது. ‘பெதீர்’, கேட்பது, அதற்குக் கவலையில்லை: பீதா, பிதாமோஸ், எங்கேயும் ‘இ’.

நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டு மகள் சொன்னாள்: “அம்மா, நாங்களும் மாத்துறம்தானே? வா, வாறன், வந்தனான், வருவன்.” பிள்ளை சொன்னது சரி. ‘வா’வை வெளியாள் ஒருவருக்குப் படிப்பிக்கப் போனால்தான் அவர் படும் பாடு தெரியும்.

ஓகஸ்ட் 9, சனி

எங்கள் வேலையில் நிலத்துக்கு இரண்டு பெயர். ஆட்கள் சொன்னது, மாடு செத்தது, பழைய பங்கர் தெரிவது, இப்படி ஏதாவது ஒரு காரணத்தால் குறித்தது ‘சந்தேகத்துக்குரிய பகுதி’. வெடியையே கண்டு அத்தாட்சியோடு குறித்தது ‘உறுதிப்படுத்தப்பட்ட பகுதி’. உலகம் முழுக்க மிதிவெடி அகற்றுகிறவர்கள் இந்தப் பிரிவைத்தான் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் இரண்டையும் கலந்தால், வெடி இல்லாத காணியில் மாதக்கணக்காக ரேக் இழுக்க வேண்டிவரும்.

ஸ்பானிஷ் இந்தப் பிரிவை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘சபேமோஸ் கே ஆய் மீனாஸ்’ என்றால் வெடி இருக்கிறது, தெரியும். ‘எஸ் பொசீப்ளே கே ஆயா மீனாஸ்’ என்றால் இருக்கக்கூடும். ‘ஆய்’ என்பது ‘ஆயா’ ஆனதும் கேட்கிறவருக்கு நிலத்தின் வகை தெரிந்துவிடும். வழி தேடும்போதும் இப்படித்தான். வெடியில்லாத பாதை ஒன்று இருப்பது தெரிந்து அதைத் தேடினால் ‘கே நோ தியேனே மீனாஸ்’, வெடி இல்லாதது. அப்படியொன்று இருக்குமோ என்றே தெரியாமல் தேடினால் ‘தியேனே’ போய் ‘தெங்கா’ வரும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வேலை இல்லை. மகள் ஓ.எல். தமிழ்ப் புத்தகத்தோடு இருந்தாள்: வியங்கோள் வினைமுற்று. வாழ்க, வருக, தருக. தன்மைக்கும் முன்னிலைக்கும் வியங்கோள் பொருந்தாது என்கிறது தொல்காப்பியம். நன்னூல் மூன்று இடத்துக்கும் விட்டுக்கொடுக்கிறது. பேச்சில் நாங்கள் ‘வரட்டும்’, ‘வரவேணும்’, ‘வந்தாலும் வரும்’ என்று வேறுவேறு வாலை ஒட்டிச் சமாளிக்கிறோம். ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் சப்ஜங்க்டிவ் என்ற ஒரு வடிவம்தான்.

இரவு அம்மாவுக்கு ‘கே துவெர்மாஸ் பியென்’ சொன்னேன், நல்லாய் நித்திரை கொள்ளணும் என்று. “வாயில நுழையிறதச் சொல்லு பிள்ளை” என்றா. நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவ ஒருநாளும் ‘போ’ என்று சொன்னதில்லை. “போட்டு வா” என்பா. அதற்கு ‘கே புவெல்பாஸ்’ சரியாக வரும்: திரும்பி வரவேணும்.

ஓகஸ்ட் 13, புதன்

இன்று ‘பொல்பேர்’, திரும்பி வருதல். ஸ்பானிஷ் ‘வி’ எழுத்துக்குப் ‘ப’ ஓசை. புவெல்பா, புவெல்பாஸ், பொல்பாமோஸ், புவெல்பான்.

2000இல் ஆனையிறவு விழுந்தபிறகு முன்னரங்கு முகமாலைக்கு வந்தது. அது அங்கே நின்ற வருடங்களில் இரண்டு பக்கமும் வெடியை விதைத்தார்கள். உலகத்திலேயே மிதிவெடி அடர்ந்த நிலங்களில் அது ஒன்றானது. காணிக்காரர் சிலர் இன்னும் தூரத்தில் நின்று தங்கள் கிணறு இருந்த பக்கத்தைக் கையால் காட்டுகிறார்கள். ஒட்டாவா உடன்படிக்கைப்படி மிதிவெடியை அகற்றி முடிக்க இலங்கைக்கு 2028 ஜூன் 1 கெடு.

கொப்பியில் இரண்டு வசனம் எழுதினேன். ‘பாரா கே புவெல்பான்’, அவர்கள் திரும்புவதற்காக. காணி துப்புரவாகாதவரைக்கும் இதுதான் சரி. கையளித்து, ஆட்கள் வந்து கிணறு இறைக்கத் தொடங்கினால் ‘புவெல்பென்’, திரும்புகிறார்கள். எழுத்தில் வித்தியாசம் ஓர் உயிரெழுத்து. வேலையில் அந்த வித்தியாசம் ஒவ்வொரு மீற்றராக ரேக் இழுத்து முடிக்கிற நிலம். மேற்குப் பக்கத்துக் காணியில் வெள்ளிக்கிழமை கடைசிச் சோதிப்பு. ஒன்றும் அகப்படாவிட்டால் அந்தக் காணிக்காரருக்கு இரண்டாவது வசனத்தைப் பாவிக்கலாம்.