தாத்தாவின் சிவப்பு மோட்டார் சைக்கிள்

“எனது மனங்கவர்ந்த ஒரு பொருள்” என்று வினாத்தாளில் தலைப்பு வந்தால், நம்மில் பலர் புத்தகத்தைப் பற்றியோ பேனையைப் பற்றியோ எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். என்னால் அப்படிப் போக முடியாது. எங்கள் வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஹொண்டா எம்.டி. 90. அதன் நிறம் சிவப்பு என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. இப்போது பாதி சிவப்பு, மீதி துரு.

எங்கள் தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கிறது. இறப்பர்த் தோட்டம். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நான்கு மைல். அதுவும் கல்லும் பள்ளமுமான பாதை. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் எங்களுடையதும் ஒன்று. மழை பெய்தால் பால் வெட்டு நின்றுவிடும். ஒரு காலத்தில் அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓபநாயக்க வரை சிறிய ரயில் ஓடியதாம். 1970களில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நகரத்துக்குப் போக வேண்டுமானால் நான்கு மைல் நடக்க வேண்டும், பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தாத்தா தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படித்தான் நடந்து கழித்தார்.

தாத்தா இந்தத் தோட்டத்திலேதான் பிறந்தார். ஆனாலும் அவர் இந்த நாட்டுப் பிரசை அல்லர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தாத்தாவும் அவர்களில் ஒருவர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது தெரிந்தவர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தாத்தா போகவில்லை. எந்த நாட்டின் கடதாசியும் இல்லாமல் அதே மலையில், அதே மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்கு ஒரு வழி பிறந்தது. அதன் பின்னர்தான் தேசிய அடையாள அட்டை கிடைத்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயதாகியிருந்தது.

1996இல் ஓய்வு பெற்றார். ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்தது. லயத்தில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். கூரைத் தகரம் மாற்று என்றார் ஒருவர். பேத்திமார் பிறந்தால் நகை வேண்டுமே என்றார் மற்றொருவர். டெலிவிஷன் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. தாத்தா ஒன்றும் பேசாமல் அடுத்த வருடம் நகரத்துக்குப் போய், அப்பாவின் நண்பர் ஒருவர் ஓட்ட, பின்னால் அமர்ந்து இந்த வண்டியோடு வந்திறங்கினார். அறுபது வயதை நெருங்கிய மனிதர், சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர்! அப்பாயி இரண்டு நாள் அவருடன் பேசவில்லையாம்.

இந்த வண்டியின் கதையே தனிக் கதை. ஜப்பானில் கடிதம் விநியோகிக்கும் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்டது இது. அதனால்தான் சிவப்பு நிறம். அதனால்தான் பின்னால் அவ்வளவு அகலமான கரியர். தபால் மூடை வைப்பதற்காக அமைத்த அந்த இரும்பின்மேல் எங்கள் வீட்டில் மா மூடை, பலாக்காய், விறகு, ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டி என எல்லாமே பயணம் செய்திருக்கின்றன. பனி விழும் ஊரில் கடிதம் சுமந்துவிட்டுப் பழைய வண்டியாகக் கப்பலேறி இலங்கைக்கு வந்தவை இவை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இன்றும் சில ஓடுகின்றன.

1958இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்ற வண்டியின் குடும்பத்தைச் சேர்ந்தது எம்.டி. 90. அந்தக் குடும்பத்தில் 2017ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு செய்யப்பட்டதில்லை. இதன் சிறப்பு, இடக்கையால் பிடிக்கும் கிளச் இல்லாமைதான். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இணைப்பு விலகி நிற்கும். வேகம் கூடியதும் உள்ளே சுழலும் சிறு எடைகள் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, தட்டுகளை அழுத்தி, சக்கரத்துக்கு இழுவையைக் கொடுக்கும். கியரைக் காலால் மாற்றினால் போதும். உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப் பையனும் மறு கையால் ஓட்ட வேண்டும் என்று எண்ணி இப்படி அமைத்தார்களாம். தாத்தாவுக்கு இது வெகுவாகப் பொருந்தியது. பல வருடங்கள் வெட்டுக்கத்தி பிடித்ததில் அவருடைய விரல்கள் முழுதாக மடங்கா. சாதாரண வண்டியின் கிளச்சை அவரால் பிடித்திருக்கவே முடியாது. (மழையில் இடக்கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.)

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விடயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருக்கும் லயன் காம்பறா எங்களுடையதன்று, தோட்டத்துக்குரியது. முற்றமும் அப்படியே. அப்பாயி வளர்க்கும் மரவள்ளி நிற்கும் மண்ணும் அப்படியே. நான்கு தலைமுறையாக இங்கே வாழ்ந்தும் எங்கள் கையில் உறுதி என்று ஒரு தாள் இல்லை. அப்படியிருக்கும்போது, அரசாங்க முத்திரையோடு தாத்தாவின் முழுப்பெயரையும் எழுதி, ‘உரிமையாளர்’ என்று குறித்து வந்த முதற் புத்தகம் இந்த மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகந்தான். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பெயர் இருக்கும் வரியை விரலால் காட்டுவார். எது தன் பெயர் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பழைய வண்டியை ஏன் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அப்பா வேறு பதில் சொல்வார். அது 2003ஆம் ஆண்டு மே மாதத்துக் கதை. இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் வாட்டிய மாதம் அது. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் சொல்ல, தாத்தா மட்டும் ஓடை நீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவோம், நாளைக்குப் பாத இருக்காது” என்றாராம். சாக்கை மடித்துக் கரியரில் கட்டி, அம்மாவை உட்காரவைத்து, பள்ளங்களில் அப்பா இறங்கித் தள்ள, நடக்கும் வேகத்திலேயே நான்கு மைலையும் கடந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் பாதையின் வளைவில் மலை சரிந்தது. அக்கா நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவளைப் பார்க்கத் தாத்தாவால் ஐந்து நாள் போக முடியவில்லை.

வண்டியைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் ஏதோவொரு இரகசியம் தெரியும். குளிர்காலையில் உதைப்பதற்கு முன் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். மழையில் நனைந்து நின்றுவிட்டால் பிளக்கைக் கழற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, அடுப்பு ஓரத்தில் காயவைத்துப் பூட்டுவது என் வேலை. எஞ்சின் சத்தம் மாறினால் அப்பா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து வருவார். அவருக்கும் முடியாததை நகரத்திலுள்ள சிங்களப் பாஸ் ஒருவர் பார்ப்பார். தாத்தா காலத்திலிருந்தே அவர்தான். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எங்களுக்குச் சிங்களம் கொஞ்சம். வண்டியின் மொழி இரு பக்கமும் நன்றாகத் தெரியும். உதிரிப்பாகம் கிடைக்காதபோது வேறொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தித் தருவார். புது வண்டிகளில் இப்படிக் கைவைக்க முடியாது; பெட்டியைத் திறந்தால் கணினிதான் இருக்கிறது. தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த பொருளின் மீது மனிதனுக்கு ஒரு பிடிப்பு உண்டாகிறது என்றே நான் நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதால் மட்டும் அது வருவதில்லை.

இந்தப் பிடிப்பு எங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் இராஜஸ்தான் மாநிலத்தில், பாலி என்ற ஊருக்கு அருகே, ஒரு புல்லட் வண்டிக்கு மாலை சாத்தி மக்கள் வணங்குகிறார்கள். அவ்வளவு தூரம் நாங்கள் போவதில்லை. சரஸ்வதி பூசையன்று அப்பாயி சந்தனப் பொட்டு வைப்பதோடு சரி. சே குவேரா 1952இல் தன் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டதும் ஒரு பழைய நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில்தான். ‘வல்லமை மிக்கவள்’ என்று அதற்குப் பெயர். பெயர்தான் வல்லமை, சிலி நாட்டோடு அது படுத்துவிட்டது. அதே சே குவேரா 1959 ஓகஸ்ட் மாதம் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் யஹலகெலே இறப்பர்த் தோட்டத்தில் ஒரு மகோகனி மரம் நட்டார். இரத்தினபுரியிலிருந்து ஹொரணை அதிக தூரமில்லை. இந்தக் கதையை ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து, எங்கள் வண்டி அவருடையதைவிட மேல் என்று நான் நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

தாத்தா 2014இல் காலமானார். புத்தகத்தில் பெயரை மாற்ற வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வரும். அந்த வரியிலிருந்து தாத்தாவின் பெயரை எடுக்க அவருக்கு மனமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் வற்புறுத்தவில்லை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்றார்கள். அதற்குப் பதிய வண்டியின் சசி இலக்கமும் வேண்டும். துருப்பிடித்த இரும்பில் அந்த இலக்கம் எங்கே? நானும் அப்பாவும் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்தோம். பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் நாட்கணக்கில் வரிசையில் நிற்க, எங்கள் சிவப்பு வண்டி அந்த 4 லீற்றரில் ஒரு வாரத்தை ஓட்டி, பக்கத்து லயத்துக்கு மருந்தும் வாங்கி வந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 2020 மார்ச் மாதம் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. 2024இல் அக்காவுக்குப் பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தங்குமிடச் செலவு, மடிக்கணினி, உடுப்பு என்று கணக்குப் போட்டபோது அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த வாரமே தரகர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒன்றேகால் இலட்சம் தருவதாகச் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சை நான் மறக்க மாட்டேன். விற்கலாம் என்றார் அம்மா. “மாமா எதுக்கு வாங்குனாரு? நம்ம புள்ளைங்க நடக்கக் கூடாதுன்னுதானே? அதே புள்ளைக்குத்தானே இப்பக் கேக்குறோம்.” அந்த வாதத்துக்கு அப்பாவிடம் பதில் இல்லை. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அது நியாயமாகவே படுகிறது. அக்கா, தனக்கு மடிக்கணினியே வேண்டாம் என்று அழ ஆரம்பித்தாள். அப்பா எழுந்து வெளியே போய் வண்டியருகே நின்றார்.

அப்பாயி மெல்ல உள்ளே சென்று, காதைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார். கையில் இரண்டு தோடு. “இது சும்மா காதுல தொங்குது. அது ஓடுது. ஓடுறத எதுக்கு விக்கணும்?” என்றார். அவ்வளவுதான்.

தோடு அடகுக்குப் போனது. அது போதவில்லை; அம்மா சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தார். இரண்டும் மீள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அப்பா விடிகாலையில் நகரத்துச் சந்தையில் மரக்கறி எடுத்து, அந்தக் கரியரில் கட்டி, லயம் லயமாக விற்றுவிட்டே வேலைக்குப் போனார். எங்கள் பகுதியில் மரக்கறி ஓட்டோ அடிக்கடி வராது. ஆகவே வியாபாரம் இன்றும் நடக்கிறது.

இவ்வளவும் நடந்தபின் அப்பா பெயரை மாற்றினார். கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் பல நாள் அலைய வேண்டியிருந்தது. கொடுப்பதற்கு முன் பழைய புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, அப்பாயியின் டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்த அக்கா வண்டி ஓட்டப் பழகிவிட்டாள். கிளச் இல்லாததால் இரண்டே நாளில் பிடிபட்டது, அனுமதிப்பத்திரத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். பின்னால் உட்காரும் முதல் ஆள் தானே என்று அப்பாயி சொல்லிவைத்திருக்கிறார். அதற்கு முன் முன்பக்க ரயரை மாற்ற வேண்டும். பாஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.