புரட்டாசிச் சனியும் பெப்பரோனி ரோலும்

பாளையங்கோட்டைக்காரனுக்கு ஜெயில் வாசல் புதிதில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் மத்தியச் சிறைச்சாலை. சுவரோரம் ஒயர்கூடையும் மஞ்சப்பையுமாக, மனு பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி, "எதிர்வீட்டுப் பாட்டிய ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும், வாரீங்களா தம்பி? வீட்ல ஒத்தையில உக்காந்து என்ன செய்யப் போறீங்க?" என்றதும் செருப்பை மாட்டிவிட்டேன். நியூ ரிவர் பாலத்தைக் காட்டக் காத்திருந்த அண்ணனுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

அண்ணன் பெரியப்பா மகன், டாக்டர். உள்ளூர் டாக்டர்கள் தங்க மறுக்கிற நிலக்கரி ஊர்களில் இப்படி நம் ஆட்கள் நிறையப் பேர் பல வருஷமாக இருக்கிறார்கள். சுரங்கம் படுத்ததும் ஊரும் படுத்துவிட்டது. மாநிலத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) 1950இல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் இருபதாயிரம்கூட இல்லை. மிஞ்சியவர்களில் பலருக்குச் சுரங்க வேலை தந்த முதுகுவலி, அதற்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை, பிறகு அந்த மாத்திரையே நோய். பாட்டியின் பேரனும் அந்த வழியில்தான் உள்ளே போயிருந்தான்.

காரில் மதினி போனை நீட்டினார். மாநிலச் சிறைத்துறையின் இணையப் பக்கம். பெயரைத் தட்டியதும் பேரன் வந்துவிட்டான்: கலைந்த தலையோடு ஒரு படம், உள்ளே வந்த தேதி, எந்தச் சிறை என்கிற விவரம். எனக்கு மூக்கில் விரல் வைக்காத குறை. நம்மூரில் பையனைக் காணோம் என்று ஓடும் தாய்க்கு ஸ்டேஷனில் "கோர்ட்டுக்குப் போயாச்சு" என்பார்கள். கோர்ட்டில் "ரிமாண்ட் ஆயாச்சு" என்பார்கள். எந்த ஜெயில் என்றால் "வக்கீலக் கேளும்மா". அவள் கிளைச்சிறைக்குப் போனால் நேற்றுத்தான் சென்ட்ரலுக்கு மாற்றினோம் என்பார்கள். "நிர்வாகம்னா இதுல்லா!" என்றேன். மதினி பதில் பேசவில்லை, பின்சீட்டுப் பாட்டியைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பாட்டிக்கு வேறு குறை. அவருடைய சின்ன வயதில் கவுண்டிக்கு ஒரு ஜெயில், கோர்ட்டை ஒட்டியே இருந்ததாம். அப்பா குடித்துவிட்டு உள்ளே போனால் அம்மா தெருவில் நின்றே ஜன்னலைப் பார்த்து வைவாராம். மாநிலத்தில் 55 கவுண்டிகள். பழைய ஜெயில்கள் இடிந்து நாறிக் கிடந்ததால் எண்பதுகளில் சட்டம் போட்டு, பல கவுண்டிகளுக்குப் பொதுவாக வட்டாரச் சிறைகள் கட்டினார்கள். இப்போது மொத்தம் 10. கட்டடம் புதிது, ஆனால் தூரம். கைதி ஒருவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கவுண்டிதான் கட்டணம் கட்ட வேண்டும். நிலக்கரி வரி வற்றிப்போன கவுண்டிகள் அந்தப் பில்லைப் பார்த்து அலறுகின்றன.

சிறை நான் நினைத்ததுபோல் இல்லை. வெளியூர் குளிர்பதனக் கிடங்கு மாதிரி தகரமும் சிமெண்டுமாக நின்றது. முன்னறையில் ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே தூக்கமில்லாத கண்களோடு ஒரு காவலர் அம்மா. காவலுக்கு ஆள் கிடைக்காமல் 2022 ஆகஸ்டில் ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்து நேஷனல் கார்டு படையினரைச் சிறைகளுக்கு அனுப்பிய மாநிலம் இது. அந்த அம்மா பட்டியலைப் பார்த்தார். பேரன் எழுதிக் கொடுத்த பெயர்களில் பாட்டி உண்டு. மதினியும் நானும் இல்லை. பாட்டி கொண்டுவந்த வீட்டு கேக்குக்கும் இடமில்லை. பேரன் கணக்கில் பணம் போடலாம் என்று சுவரில் இருந்த மெஷினைக் காட்டினார்கள். பாட்டி சுருங்கிய நோட்டுகளை மடியில் வைத்து நீவி நீவி உள்ளே தள்ளினார். அதற்கும் மெஷின் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் சண்டை தொடங்கியது. கழுத்து முழுக்கப் பச்சை குத்திய ஒரு பையன், இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட முடியாது என்கிறார் காவலர். போனில் படம் இருக்கிறது என்கிறான். போன் உள்ளே வரக்கூடாது என்கிறார். அவன் கத்தக் கத்த அவர் 'சார்' போட்டுப் போட்டு மறுத்தார். பாளையங்கோட்டையில் என்றால் இரண்டு பேரும் கத்தியிருப்பார்கள், பிறகு யாராவது ஏட்டையா "சரி போ, சீக்கிரம் வா" என்றிருப்பார். நான் அந்தப் பையனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் ஆட்கள் என்றாலே துப்பாக்கி என்று சினிமா சொல்லிக் கொடுத்திருந்தது. அவன் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துவிட்டு வெளியே போனான்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனுடைய பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டான். கையடக்க ரொட்டி, உள்ளே பெப்பரோனி. சுரங்கத் தொழிலாளிக்காக 1927இல் இதே மாநிலத்து ஃபேர்மாண்டில் ஓர் இத்தாலிய ரொட்டிக்காரர் போட்ட பண்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கெட்டுப்போகாது, ஒரு கையால் தின்னலாம். பன்றியும் மாடும் என்றான். அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. நான் தயங்கியதைப் பார்த்து இறைச்சியை உருவிக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு ரொட்டியை நீட்டினான். அதில் ஆரஞ்சு நிறக் கொழுப்பு ஊறியிருந்தது. பெருமாள் மன்னிக்கட்டும், ருசியாகவே இருந்தது.

குழந்தையின் அம்மாதான் உள்ளே இருந்தாள். அவள் பிடிபட்ட அன்று ராத்திரியே படம் இணையத்தில் வந்துவிட்டதாம். யாரோ அதை ஃபேஸ்புக்கில் போட, கீழே சிரிப்புப் பொம்மைகள். வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. "இவ அம்மா மூஞ்சிய ஊர் முழுக்கப் பாத்தாச்சு, இவளத்தான் பாக்க விடமாட்டேங்குறாங்க" என்றான். காரில் நான் பாராட்டியபோது மதினி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

கைதி விவரத்தை இப்படி வெளியே சொல்வது எதற்கு என்று ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். கைதி வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் போனில் தகவல் சொல்லும் ஏற்பாடு அந்த நாட்டில் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில்தான் தொடங்கியது. 1993இல் அங்கே ஒரு பெண்ணை, ஜாமீனில் விட்ட முன்னாள் காதலன் அவளுடைய 21ஆம் பிறந்தநாளில் சுட்டுக் கொன்றான். அவன் வெளியே வந்ததை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த ஏற்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஊர் பார்க்க முகம் எதற்கு?

அன்றைக்கு நாங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும்போதே பாட்டி திரும்பி வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேரன், இந்தப் பக்கம் ரிசீவர். "மெலிஞ்சிட்டான்" என்றார். கேக்கைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

நம்மூரிலும் சிறை வலைக்கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திய காலம் மாறிவருகிறது. சந்திப்புக்கு இணையத்தில் பதிவு செய்யும் இ-முலாகாத்தும் வந்துவிட்டது. நல்லது. ஒருவனை எந்தச் சிறைக்கு அனுப்பினோம் என்று வீட்டாருக்கு அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தி போகவும் அதிகாரிகள் வழி செய்ய வேண்டும். படம் மட்டும் வேண்டாம். போலீஸ் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் படங்களே இங்கே அதிகம்.