அப்பத்தா பார்த்த ஏரி: தேக்கடியில் ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம்

தேக்கடியில் படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். இலை இல்லை, கிளையும் அதிகம் இல்லை. கறுத்துப்போன அடிமரங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருக்கும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் இவை. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, மரங்கள் இன்னும் உயரமாகத் தெரியும். நாங்கள் போனது மே மாதக் கடைசி.

தேக்கடியைப் பற்றி எழுதுபவர்கள் யானையில் ஆரம்பித்து யானையில் முடிப்பார்கள். எங்கள் வீட்டில் கதை வேறு. அப்பத்தாவுக்குக் கம்பம் பக்கம் வயல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஏரித் தண்ணீரில்தான் நாற்று நட்டிருக்கிறார். ஏரி இருப்பது வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். ஆனால், எழுபத்தாறு வயது வரை அதைப் பார்த்ததில்லை. 'வேலை கெடக்கு' என்பது பல வருஷம் சொன்ன காரணம். 2009-க்குப் பிறகு காரணம் மாறிவிட்டது.

அந்த வருஷம் செப்டம்பர் 30-ம் தேதி மாலை, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததில் படகு சாய்ந்தது என்று செய்திகள் வந்தன. அதிக ஆட்களை ஏற்றியது, படகின் அமைப்பிலேயே இருந்த குறை என்று பிறகு வேறு காரணங்களும் பேசப்பட்டன. டிவியில் அதைப் பார்த்த அப்பத்தா, வீட்டில் யாரும் படகு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தம்பி பள்ளிச் சுற்றுலா போகாமல் நின்றதும் அதனால்தான்.

இந்த முறை, "நீங்களே கூட வந்து எங்களைப் பாத்துக்கங்க அப்பத்தா" என்று தம்பிதான் மடக்கினான். நல்ல வக்கீல் ஆவான்.

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலைச்சாலை ஏறினால் குமுளி. எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளா. சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது. ஆனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. விடுமுறைக் காலத்தில் கவுன்டரை நம்பிப் போனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும்.

இப்போது எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அப்பத்தா சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வாரை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருடைய வாரையும் இழுத்துப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் வாரையும் விடவில்லை.

படகு மெதுவாகத்தான் போகிறது. இரண்டு பக்கமும் புல் படர்ந்த சரிவு, அதற்கு மேலே அடர்ந்த காடு, அதற்கும் மேலே மேகம் தொட்டுக்கொண்டிருக்கும் மலை. ஒரு வளைவு திரும்பினால் ஏரி முடிந்துவிட்டது போலத் தோன்றும். அடுத்த வளைவில் இன்னொரு கை நீண்டு கிடக்கும். மலைகளுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கினால் ஏரி வட்டமாகவா இருக்கும்? இடைப்பாளையம் தீவுத்திட்டில், திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடைக்கால மாளிகை, இப்போது ஹோட்டலாக இருக்கிறது. கடமான்கள் நான்கைந்து, ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம். புலிக்காக யாரும் கண்ணை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டாம். 1978 முதல் இது புலிகள் காப்பகம்தான், ஆனால் படகிலிருந்து புலி தெரிவது அபூர்வம்.

யானைகள் திரும்பும் வழியில் வந்தன. வலது கரையில் இரண்டு பெரியவை, கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. அவ்வளவுதான், படகில் பாதிப் பேர் செல்போனோடு எழுந்துவிட்டார்கள். தம்பியும் பாதி எழுந்தான். ஊழியர் "இரிக்கு, இரிக்கு" என்று கத்துவதற்கு முன்பே அப்பத்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். இழுத்ததில் பட்டன் ஒன்று தெறித்தது. "ஆனை எங்கயும் ஓடிறாது, உக்காந்து பாரு!" என்ற குரல் படகு முழுக்கக் கேட்டது. மலையாளம் புரியாமல் நின்றவர்கள்கூட இந்தத் தமிழுக்கு உட்கார்ந்தார்கள். ஊழியர் அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்தார்.

என்னிடம் யானைப் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. பரவாயில்லை.

அப்பத்தா அந்த ஊழியரிடம் கேட்டது யானையைப் பற்றி அல்ல. "இப்ப எத்தன அடி நிக்கிது?" எங்கள் ஊரில் மழை பெய்ததா என்று கேட்பது போல, அணையில் எத்தனை அடி என்று கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் 2014-ல் 142 அடி வரை தேக்கலாம் என்றது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த அடிக்கணக்கை நம்பித்தான் இருக்கிறது. அடுத்த வாரம் ஜூன் 1. தண்ணீர் போதுமான அளவு இருந்தால், முதல் போகத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள்.

ஊழியர் சொன்ன பதிலில் அப்பத்தாவுக்குத் திருப்தி இல்லை. "நாத்தாங்காலுக்குக் காணும், நடவுக்கு மழ வரணும்" என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். "அணை எங்கடா இருக்கு?" என்று தேடினார். சுற்றுலாப் படகு அதுவரை போவதில்லை. நமக்குக் கிடைப்பது ஏரிதான்.

ஏரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வருவது தேக்கடியிலிருந்து. மதகு வழியாக இறங்கி, மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் அதிக நீளமான சுரங்கத்தில் நுழைந்து இந்தப் பக்கம் வருகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை இது. இறங்கும்போது மலைச்சாலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் லோயர் கேம்ப் மின் நிலையத்தை நோக்கி இறங்குவது தெரியும். காரை நிறுத்தச் சொல்லி, ஜன்னலை இறக்கி, குழாய்களை ரொம்ப நேரம் பார்த்தார் அப்பத்தா. அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபமும் லோயர் கேம்பில் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ல் தேனி மாவட்டத்தில் பொங்கல் வைப்பார்கள். மண்டபத்துக்குள் நாங்கள் போனபோது, அப்பத்தா வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார்.

குடிநீருக்காக விட்ட தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. கையை நனைத்துப் பார்த்தார். மேலே ஏரியிலும் இதே போலப் படகிலிருந்து கையை விட்டுத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்ததாம். ஜாக்கெட் போட்டிருந்தாலும், குனிந்தால் படகு சாய்ந்துவிடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

"அடுத்த தடவ காலைல மொத படகுல போவோம்" என்றார், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. முதல் படகு ஏழரை மணிக்கு.